முற்றத்து விளக்கும் அயலவர் யன்னலும்

அண்மைக்காலமாக எமது ஊர்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளை இரவு வேளையில் கடந்து செல்வோர் ஒரு மாற்றத்தை அவதானித்திருப்பர். மதில் எழும்பி, கேற் பூட்டப்பட்டதும் அடுத்த வேலையாக வீட்டின் முகப்பில், கூரையோரத்தில், வீதியை நேராகப் பார்த்தபடி ஒரு பெரிய வெண்ணிற 'பிளட் லைற்' பொருத்தப்படுகின்றது. மாலை ஆறு மணிக்குப் போடப்படும் அந்த விளக்கு மறுநாள் காலை வரை எரிகின்றது. வளவுக்கு வெளிச்சம் வேண்டும், கள்வர் பயம் இருக்கின்றது, வயது முதிர்ந்தவர்கள் இருக்கின்றார்கள் என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். இக்காரணங்கள் மூன்றும் நியாயமானவை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், அந்த விளக்கு இம்மூன்றில் எதையேனும் செவ்வனே நிறைவேற்றுகின்றதா என்பதே கேள்வி.

கடந்த மார்கழி மாதத்தில் வலிகாமத்திலுள்ள ஒரு கிராமத்தில் எமக்கு நன்கு அறிமுகமான குடும்பமொன்றைப் பார்க்கச் சென்றிருந்தோம். இரவு எட்டு மணி இருக்கும். கேற்றடியில் நின்று அழைத்தபோது முகப்பு விளக்கின் ஒளி எமது கண்ணில் நேராக அடித்தது. வீட்டில் யார் நிற்கின்றார் என்பதே தெரியவில்லை. எமது குரல் கேட்டு வீட்டுப் பெரியவர் விறாந்தையில் இருந்து இறங்கி வந்தார். எழுபத்தைந்து வயது. விளக்கு அவரது முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. அவருடைய நிழல் அவருக்கு முன்னால் இருந்த இரண்டு படிகளையும் முழுமையாக மறைத்துக்கொண்டது. கண்ணெதிரே படி இரண்டையும் தவறவிட்டு அவர் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு வெடிப்பு. ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி இருந்தார். ஊரிலேயே அதிக வெளிச்சமுள்ள முற்றத்தில் நடந்த விழுகை அது.

அன்றிரவு இன்னொன்றையும் கண்டோம். பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் அம்மா ஒருவர் தமது படுக்கையறை யன்னலில் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். "என்ன செய்யிறது தம்பி, யன்னலைப் பூட்டினால் புழுக்கம், திறந்தால் விடிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார். அந்த விளக்கைப் பற்றி அயல் வீட்டாரிடம் அவர் ஒரு வார்த்தையேனும் கேட்டிருக்கவில்லை. கேட்டால் மனஸ்தாபம் வரும் என்பது அவர் எண்ணம்.

ஒரே விளக்கு இரு வீடுகளுக்கும் தீங்கு செய்தது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ளக் கண்ணின் இயல்பைச் சற்று நோக்க வேண்டும். எமது கண், பார்வைக்குள் வரும் மிகப் பிரகாசமான பொருளுக்கே தன்னைச் சரிசெய்துகொள்கின்றது. கடும் விளக்கொன்று பார்வையில் இருக்கும்போது கண்மணி சுருங்குகின்றது. அவ்வேளையில் நிழலில் இருப்பவை உள்ளதைவிட இருண்டு தோன்றுகின்றன. வெளிச்சத்தில் இருந்து இருளுக்குச் செல்லும் கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை எடுக்கும். முதியோரின் நிலை மேலும் சிரமமானது. வயதாகும்போது கண்வில்லை மஞ்சளாகிக் கலங்குகின்றது. அதனால் உள்ளே செல்லும் ஒளி குறைவதுடன் சென்ற ஒளியும் கண்ணுக்குள் சிதறுகின்றது. ஆகவே முதியவருக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது கால் வைக்கும் இடத்தில் வேண்டும், கண்ணில் அல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே எமது வளவுகளில் நடைபெறும் பெருந்தவறு.

கள்வர் பயத்தைப் பற்றியும் கூற வேண்டும். வீதியை நோக்கிய கடும் விளக்கு, வீதியால் செல்லும் அயலவரின் கண்ணையும் மறைத்துவிடுகின்றது. அந்த விளக்கின் பின்னால், வீட்டின் பக்கச் சுவரோரம் ஒருவர் நின்றாலும் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. வெளிச்சம் கூடினால் குற்றம் குறையும் என்பதற்கு ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளூராட்சிப் பிரிவுகளில் வீதி விளக்குகள் குறைக்கப்பட்டமை பற்றி 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அதனால் குற்றங்களோ வீதி விபத்துகளோ கூடியதற்குச் சான்று காணவில்லை. மாறாக, நியூயோர்க் நகரின் பொது வீடமைப்புத் தொகுதிகளில் 2016 இல் பெரிய விளக்குக் கோபுரங்களை வைத்துச் செய்யப்பட்ட பரிசோதனையில் இரவுக் குற்றங்கள் குறைந்தன. இவையிரண்டும் வீதிகளையும் பொதுவிடங்களையும் பற்றியவை. வீட்டு முற்றத்துக்கு அப்படியே பொருந்தும் எனக் கூற முடியாது. எனினும், விடியும் வரை எரியும் விளக்கைவிட, ஆள் அசைவை உணர்ந்து திடீரென எரியும் விளக்கையே வீட்டாரும் அயலாரும் திரும்பிப் பார்ப்பர் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. எப்போதும் எரிவதை எவரும் கவனிப்பதில்லை.

அவ்வாறாயின் வளவுக்கு எவ்வாறு விளக்கிடுவது? இதற்கு நாம் வெகுதூரம் செல்லத் தேவையில்லை. கார்த்திகை விளக்கீட்டன்று எமது முன்னோர் செய்ததை நினைத்துப் பார்த்தாலே போதும். வாசலுக்கு ஒன்று, படலைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்கு ஒன்று எனச் சிறு பந்தங்களையும் சிட்டி விளக்குகளையும் வைத்தார்கள். முழு வளவையும் ஒரே விளக்கால் நிரப்பவில்லை. மனிதர் செல்லும் இடமெல்லாம் நிலத்தோடு ஒட்டிய ஒவ்வொரு சிறு ஒளி. அது வழிபாட்டுக்கானது, ஓரிரு நாட்களுக்குரியது என்பது மெய்தான். ஆனால் இன்றைய ஒளியமைப்பு நிபுணர்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கூறும் முறையும் ஏறக்குறைய இதுவே.

செயலில் இறங்குபவர் முதலில் செய்ய வேண்டியது கடைக்குச் செல்வதல்ல. அமாவாசையை அண்டிய ஓர் இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுக் கையில் ஒரு ரோச் லைற்றுடன் வளவைச் சுற்றி நடக்க வேண்டும். கால் எங்கே தயங்குகின்றது? படியிறக்கத்தில், கிணற்றடிச் சீமெந்து விளிம்பில், வெளி மலசலகூடத்துக்குச் செல்லும் பாதையின் வளைவில், கேற் பூட்டைத் திறக்கும் இடத்தில். தயங்கிய இடங்களை எண்ணினால் பெரும்பாலான வீடுகளில் நான்கோ ஐந்தோதான் வரும். விளக்கு வேண்டிய இடங்கள் அவையே. ஒருவர் ரோச் லைற்றை வெவ்வேறு உயரத்தில் பிடித்திருக்க, மற்றவர் நடந்து பார்த்தால் எந்த உயரத்தில் எத்திசையில் ஒளி விழ வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். செலவில்லாத இந்தப் பரிசோதனையைச் செய்தவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

பாதைக்கும் படிக்குமான விளக்கு முழங்கால் உயரத்துக்கு மேற்படத் தேவையில்லை. அதன் மேல் ஒரு மூடி இருக்க வேண்டும். மூடி விலை கூடியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் வாய் வெட்டிய மண்சட்டி, கவிழ்த்த கூரை ஓடு என்பனவும் அந்த வேலையைச் செய்யும். படிக்கட்டின் பக்கச் சுவரில் சிறு குழி விட்டு உள்ளே விளக்கை வைத்துக் கட்டித் தரும்படி மேசனிடம் கேட்டால் அது இன்னும் நல்லது. நிற்குமிடத்தில் இருந்தோ இருக்குமிடத்தில் இருந்தோ விளக்கின் குமிழ் கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஒளி விழும் இடம் மாத்திரமே தெரிய வேண்டும். இதை வைத்தே எந்த விளக்கையும் மதிப்பிடலாம்.

எவ்வளவு வெளிச்சம்? பழைய 60 வாற் பல்ப் தந்த ஒளி ஏறத்தாழ 800 லுமென். இப்போது அதனை 9 வாற் எல்.ஈ.டி. பல்ப் தருகின்றது. ஒரு படிக்கோ பாதையின் வளைவுக்கோ 100 முதல் 200 லுமென் போதும். அதற்கு இரண்டு, மூன்று வாற் போதுமானது. முகப்பில் மாட்டப்படும் 50 வாற் பிளட் லைற்றோ நான்காயிரம் லுமென்னுக்கு மேல் கொட்டுகின்றது. முழு நிலவின் ஒளி நிலத்தில் 0.3 லக்ஸைத் தாண்டுவதில்லை என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். அந்த நிலவில் கோயில் திருவிழாவுக்கு ஒழுங்கை வழியே நடந்து சென்று திரும்பியவர்கள் நாம். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர் பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்குச் சிறு ஒளியின் ஆற்றலைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்த இருளின் நினைவுதான் இன்று வீட்டு முகப்பில் இவ்வளவு வெளிச்சத்தை வைக்கத் தூண்டுகின்றதோ என்றும் சில வேளைகளில் எமக்குத் தோன்றுவதுண்டு.

தேவை என்பது ஒரு புறமிருக்க, அழகு என்றொன்றும் உண்டு. மாலையில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து வளவைப் பார்க்க விரும்பாதவர் யார்? ஆனால் விறாந்தை விளக்கு எரியும்போது முற்றத்துக்கு அப்பால் கரும் சுவர் ஒன்று நிற்பதுபோலவே தெரியும். அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் கட்டடக் கலைஞர் பிலிப் ஜோன்சன் 1949 ஆம் ஆண்டில் தமக்கென நான்கு பக்கமும் கண்ணாடியாலான ஒரு வீட்டைக் கட்டினார். பகலில் எல்லாம் நன்று. இரவில் விளக்கேற்றியதும் கண்ணாடிகள் யாவும் முகம் பார்க்கும் கண்ணாடிகளாயின. வெளியே இருந்த மரங்கள் மறைந்து அவர் தம்மையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெலி அதற்குத் தீர்வு கண்டார். உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, வெளியே உள்ள மரங்களுக்கு மெல்லிய ஒளியிட்டார். தோட்டம் மீண்டும் தெரிந்தது. எமது விறாந்தைகளுக்கும் இது பொருந்தும். விறாந்தை விளக்கை மங்கலாக்கி, வளவின் கோடியில் நிற்கும் மாமரத்துக்கு ஒரேயொரு சிறு விளக்கை இட்டால் வளவு முழுவதும் அகன்று விரியும்.

மரத்துக்கு விளக்கிடுவதில் இரு வழிகள் உள. அடியில் வைத்து மேல்நோக்கி ஒளியைப் பாய்ச்சுவது பெரும்பாலோர் செய்வது. இலையடர்ந்த மரமானால் ஒளியின் பெரும்பகுதியை மரமே தாங்கிக்கொள்ளும். தென்னையும் பனையும் அவ்வாறல்ல, ஒளி தப்பி வானத்துக்குச் சென்றுவிடும். மற்றைய வழி, உயர்ந்த கிளையில் மூடியிட்ட சிறு விளக்கைக் கட்டிக் கீழ்நோக்கி ஒளி விடுவது. கிளைகளுக்கும் இலைகளுக்கும் ஊடாக அது விழும்போது நிலத்தில் நிலவின் நிழல்போல் வலைப்பின்னல் ஒன்று விழும். காற்றுக்கு அது அசையும். வேம்புக்கும் மாவுக்கும் இதுவே உகந்தது என்பது எமது கருத்து. கம்பியால் கிளையை இறுகச் சுற்றக் கூடாது. மரம் பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்துவிடும். அகன்ற பட்டிகளால் தளர்வாகக் கட்டி ஆண்டுக்கொருமுறை தளர்த்திவிட வேண்டும்.

வெள்ளைப் பூக்களை நடுவது விளக்குச் செலவைக் குறைக்கும் இன்னொரு உபாயம். மல்லிகை, நந்தியாவட்டை, வெள்ளை நித்தியகல்யாணி ஆகியன சிறு ஒளியிலேயே பளிச்செனத் தெரியும். செவ்வந்தி வளர்ப்போர் மாத்திரம் கவனமாக இருக்க வேண்டும். செவ்வந்தி நீண்ட இருளைக் கண்ட பின்னரே மொட்டு வைக்கும் செடி. இரவு முழுவதும் விளக்கு எரியும் இடத்தில் அது இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். பூக்கவில்லையென்று உரம் மாற்றிப் பார்ப்பவர்கள் ஒருமுறை விளக்கை மாற்றிப் பார்க்கலாம்.

நிறத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். கடைகளில் 6500 கெல்வின் எனக் குறிக்கப்பட்ட நீலம் கலந்த வெள்ளை விளக்குகள் ஏராளமாக விற்கப்படுகின்றன. வாங்குபவரும் அதுவே 'நல்ல வெளிச்சம்' எனக் கருதுகின்றார். வெளியிடத்துக்கு 2700 கெல்வின் அல்லது அதிலும் குறைந்த, மஞ்சள் சார்ந்த விளக்கே உகந்தது. நீல ஒளி கண்ணுக்குள் கூடுதலாகச் சிதறிக் கூச்சத்தைத் தருகின்றது. இரவில் உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் சுரப்பையும் தடுக்கின்றது. பூச்சிகளும் அந்த ஒளிக்கே அதிகம் கவரப்படுகின்றன. மழை பெய்து ஓய்ந்த மாலையில் முகப்பு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை எல்லோரும் கண்டிருப்பர். ஈசலைத் தின்னத் தேரை வரும். தேரையைத் தேடிப் பாம்பு வரக்கூடும். பாம்புக்குப் பயந்து இட்ட விளக்கே வாசலுக்குப் பாம்பை அழைப்பது விந்தையல்லவா?

வளவில் வாழும் ஏனைய உயிர்களும் இருளை நம்பியே இருக்கின்றன. மின்மினிகள் தம் ஒளிச் சமிக்ஞையால் துணையைத் தேடுகின்றன; பெரு வெளிச்சத்தில் அச்சமிக்ஞை தெரிவதில்லை. கரையோரங்களில் வீடோ விடுதியோ வைத்திருப்போருக்கு மேலும் பொறுப்புண்டு. எமது நாட்டின் கரைகளில் ஐந்து வகையான கடலாமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் ஒளி கூடிய அடிவானத்தையே கடலென நம்பி நகரும். விடுதியின் தோட்ட விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை கரைப்பக்கமாகத் திரும்பிச் சென்று மடிகின்றன. அங்கே கடலை நோக்கிய விளக்குகளை ஆமைகள் வரும் காலத்தில் அணைத்துவிடுவதே முறை.

செலவுக் கணக்கு எளிது. 50 வாற் விளக்கு இரவுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 18 அலகுகள். மூன்று வாற் விளக்குகள் நான்கு, இரவுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு இரண்டு அலகுகூட இல்லை. படிமுறைக் கட்டணம் உள்ள நாட்டில் அந்த 18 அலகுகள் முழுப் பட்டியலையுமே மேற்படிக்குத் தள்ளிவிடக் கூடும். 2022 ஆம் ஆண்டின் பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாம் இதனை மறந்துவிட்டது வியப்பே. சூரிய சக்தியில் இயங்கும் சிறு தோட்ட விளக்குகளும் கிடைக்கின்றன. மர நிழலில் நட்டுவிட்டு எரியவில்லையென்று குறை கூறுவதில் பயனில்லை.

வயர் வேலையில் மட்டும் சிக்கனம் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை எமது பகுதியில் வெளி வயர்களைச் சோதித்துப் பார்க்கும் காலம். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய வயரைக் கிளுவை வேலியிலும் முட்கம்பியிலும் சுற்றிக்கொண்டு செல்வது உயிராபத்தானது. வெளி விளக்குச் சுற்றுக்கு 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். இயலுமாயின் 12 வோல்ற்றில் இயங்கும் விளக்குகளைத் தெரிவு செய்வது நன்று. மண்வெட்டி தற்செயலாக வயரில் பட்டாலும் ஆள் தப்புவார். நீர், தூசு புகாதவை என்பதைக் குறிக்கும் ஐ.பி. 65 என்ற குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். தகுதியுள்ள மின் இணைப்பாளர் ஒருவரைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும்.

இறுதியாக அயலவர் விடயம். இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டின் சட்டமொன்று, வளவொன்றில் இருந்து வெளிவரும் செயற்கை ஒளியையும் இரைச்சல், புகை போன்ற தொல்லைகளின் வரிசையில் சேர்த்தது. அயல் வீட்டு விளக்கால் உறக்கம் கெடுபவர் அங்கு உள்ளூராட்சி மன்றத்தில் முறையிடலாம். எமது ஒழுங்கைகளில் விடயம் அந்த அளவுக்குச் செல்ல வேண்டியதில்லை. விளக்கிட்டவர் பெரும்பாலும் அது அயல் யன்னலில் விழுவதை அறிந்திருப்பதே இல்லை; தமது வீட்டுக்குள் இருந்து பார்த்தால் அது தெரியாது. குறை கூறாமல், "ஒருக்கால் இரவிலை எங்கட பக்கம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என அழைத்து யன்னலருகே ஒரு கதிரையைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். புதிதாக விளக்கிட எண்ணுபவரும் பூட்டும் முன்னர் ஓர் இரவு அயலவர் முற்றத்தில் நின்று பார்த்துவிடலாம்.

நாம் முன்னர் குறிப்பிட்ட வீட்டில் பெரியவரின் கைக்கட்டு அவிழ்க்கப்படுவதற்கு முன்னரே மகன் வேலையைத் தொடங்கிவிட்டார். முகப்பு விளக்கைக் கழற்றி எறியவில்லை. நிலத்தை நோக்கித் திருப்பி, ஆள் அசைந்தால் மாத்திரம் எரியும்படி செய்தார். படிகளின் பக்கச் சுவரில் இரண்டு, கேற்றடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று எனச் சிறு மஞ்சள் விளக்குகளைப் பூட்டினார். பத்து மணிக்கு அவை தாமாகவே அணைந்துவிடுகின்றன. மாசி மாதத்தில் மீண்டும் சென்றபோது பெரியவர் எம்மை அழைத்துப் போகப் படியிறங்கி வந்தார். கைத்தடியைப் படியில் ஊன்றவும் இல்லை. அடுத்த வீட்டு யன்னலில் போர்வையைக் காணவில்லை. அந்த அம்மா மதிலுக்கு அப்பால் நின்று, தமது கிணற்றடிக்கும் அப்படி ஒரு சின்ன லைற் போடுவதென்றால் என்ன முடியும் என்று மகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.